வீட்டுக்குள் ஒரு பாரதம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் திரைப்படம் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். எந்தப் படம் என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது 'மாயா பஜார்'. விஜயா நிறுவனத்துக்காக நாகிரெட்டியும் சக்ரபாணியும் தயாரிக்க, கே. வி. ரெட்டி இயக்கி, 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம். இங்கே இருக்கும் பெரியவர்களில் பலர் இதை டென்ட் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அடுத்த தலைமுறை தொலைக்காட்சியில் பார்த்தது. மாணவர்களுக்குப் படம் தெரியாவிட்டாலும் 'கல்யாண சமையல் சாதம்' தெரியும், அதில் கடோத்கசனாக வரும் ரங்கா ராவின் சிரிப்பு தெரியும்.

எனக்கும் சின்ன வயதில் இந்தப் படம் என்றால் கடோத்கசன்தான். பானைகள் தாமாக நகர்ந்து வரும், லட்டுகள் தட்டிலிருந்து எழும்பி வாய்க்குள் போகும். அந்தக் காட்சி வரும்வரை மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல வருடங்களுக்குப் பிறகு, இரண்டு மொழி வடிவங்களையும் நிதானமாகப் பார்த்தபோது, அன்று பொறுத்துக்கொண்ட பகுதிகளில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. இந்தப் படத்தில் பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் மனிதர்கள். மாயப் பொருள்களோ உண்மையையே பேசுகின்றன. இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

மாணவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பலராமனின் மகள் வத்சலா. தெலுங்கில் அவள் பெயர் சசிரேகா. பலராமனின் தங்கை சுபத்திரைக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த மகன் அபிமன்யு. அத்தை மகன், மாமன் மகள். இவனுக்குத்தான் இவள் என்று சிறு வயதிலேயே பெரியவர்கள் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பாண்டவர்கள் சூதில் நாட்டை இழக்கிறார்கள். அவர்கள் காட்டுக்குப் போக, சுபத்திரையும் மகனும் துவாரகையில் இருக்கிறார்கள். இதற்குள் துரியோதனன் தன் மகன் லட்சுமணகுமாரனுக்கு வத்சலாவைக் கேட்கிறான். பலராமனின் உறவு கிடைத்தால் யாதவர் பலம் தன் பக்கம் வரும் என்பது கணக்கு. பலராமன் மனைவி ரேவதிக்கு இந்தச் சம்பந்தத்தில் மெத்த மகிழ்ச்சி. சுபத்திரை மகனை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறாள். வழியில் காட்டில், வீமனுக்கு அரக்கியிடம் பிறந்த மகன் கடோத்கசனைச் சந்திக்கிறார்கள். பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும்: அவன் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் சேர்த்துவிட்டு, அவள் உருவத்தில் தானே மணப்பெண்ணாக வந்து உட்காருகிறான்.

இந்தக் கதை வியாச பாரதத்தில் இல்லை. அங்கே அபிமன்யு மணப்பது விராடன் மகள் உத்தரையை. வத்சலா மக்கள் சொல்லி வளர்த்த பெண், மேடையில் பிறந்த பெண். ஆந்திரத்தில் சுரபி நாடகக் குழுவினர் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாக மேடையேற்றியிருக்கிறார்கள். தமிழுக்கும் இந்தப் போக்கு புதியதல்ல. அல்லியும் பவளக்கொடியும் வியாசருக்குத் தெரியாதவர்கள். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'அபிமன்யு சுந்தரி' நாடகம் இதே வகைக் காதலைச் சொல்வதுதான். காவியம் அரசர்களுடைய போரைச் சொல்லி முடித்த பிறகு, அந்த அரசர்களின் வீட்டில் பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள், கல்யாணம் எப்படி நிச்சயமானது, யார் யாரை அவமதித்தார்கள் என்றெல்லாம் மக்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 'மாயா பஜார்' அந்த எழுத்தின் உச்சம் என்பது என் கருத்து.

படம் முழுக்க வீடுதான். பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. பாரதக் கதை என்று சொல்லிக்கொண்டு அர்ச்சுனனும் வீமனும் இல்லாமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் படம் எடுக்க எத்தனை துணிச்சல் வேண்டும்! சிறுவயதில் இதை நான் கவனிக்கவே இல்லை. யாரும் கவனிப்பதில்லை. திரௌபதிக்கு நேர்ந்த அவமானம்கூட, கண்ணன் வழியாகத்தான் துவாரகை வீட்டுக்குள் வருகிறது. ஒரு பெரிய குடும்பத்துக்குள் வெளியூரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. கொஞ்ச நேரம் எல்லாரும் பதறுகிறார்கள். பிறகு அவரவர் சுபாவம் தலைதூக்குகிறது.

பலராமனைப் பாருங்கள். கெட்டவர் இல்லை. சுபத்திரைக்காகத் துரியோதனனைத் தட்டிக் கேட்கிறேன் என்று கோபத்தோடுதான் அஸ்தினாபுரம் போகிறார். அங்கே அவருக்குக் கிடைக்கும் வரவேற்பில், உபசாரத்தில், புகழ்ச்சியில் அந்தக் கோபம் கரைந்துவிடுகிறது. திரும்பி வரும்போது தங்கைக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே கொடுத்துத் தீர்த்துவிட்டு வருகிறார். நல்ல மனிதர் ஒருவர் மரியாதைக்கு மயங்கி அநியாயத்துக்குச் சம்மதிப்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய புராணப் படம் வேறு எனக்குத் தெரியாது. நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இப்படி ஒரு பெரியப்பா இருந்திருப்பார்.

ரேவதியின் பேச்சைக் கேட்கும்போது இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சொத்து இருந்தபோது நாத்தனார் மகன் மருமகன். சொத்து போன பிறகு அவன் அண்டிப் பிழைக்க வந்தவன். சுபத்திரை அதைக் கேட்டு நிற்கும் நிலையில் ஒரு பிறந்த வீட்டுக் கதை முழுவதும் இருக்கிறது. வாழ்ந்து கெட்டுப் பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்கள் எத்தனை பேர் 1957-இல் அந்தக் கொட்டகைகளில் உட்கார்ந்து இதைப் பார்த்திருப்பார்கள்! குழந்தைகள் கடோத்கசனுக்காகக் காத்திருந்தபோது அம்மாக்கள் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பப் படம் என்று நாம் சொல்கிறோமே, அது இதுதான். ஒரே படம், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு கதை சொல்கிறது.

இனி அந்த மாயப் பெட்டிக்கு வருகிறேன். பிரியதர்சினி என்று அதற்குப் பெயர். திறந்து பார்த்தால், பார்ப்பவர் மனத்துக்கு மிகவும் பிரியமானது எதுவோ அது தெரியும். வத்சலா பார்த்தால் அபிமன்யு தெரிகிறான். இன்றைய பிள்ளைகள் அதை வீடியோ அழைப்பு என்று சொல்லிச் சிரிக்கலாம். அப்படித்தான் இருக்கிறது, இருவரும் பேசிக்கொள்ளவே செய்கிறார்கள். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ரேவதி பார்க்கிறாள்: நகைகளும் ரத்தினங்களும். பலராமன் பார்க்கிறார்: துரியோதனன். குடும்பமே கூடியிருக்கும் இடத்தில், எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவரவர் மனத்தில் கிடப்பது அப்படியே வெளியே வந்துவிடுகிறது. பின்னால் நடக்கப்போகும் அத்தனை அநியாயத்துக்கும் அந்த ஒரு காட்சி சாட்சி. யாருக்கு எது பிரியமோ அதற்காகத்தான் அவர்கள் வாக்கை மீறுகிறார்கள்.

கண்ணனும் பார்க்கிறான். அவனுக்குத் தெரிவது சகுனி. தாயக்கட்டையோடு சகுனி. இதைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ அவனால் அப்படி நினைக்க முடியாது. அவன் மனம் இரவும் பகலும் எதிரியைச் சுற்றித்தான் நிற்கும். குடும்பத்துக்குள் எல்லாரும் சிரிக்கும்போது கூடவே சிரித்துக்கொண்டு, மனத்துக்குள் ஆபத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். என். டி. ராமராவின் புன்னகையில் அந்தக் கனம் இருக்கிறது. அதற்கு முன்பு ஒரு படத்தில் கண்ணனாக வந்து வரவேற்பு கிடைக்காததால் அவர் இந்த வேடத்துக்குத் தயங்கினார், கே. வி. ரெட்டிதான் விடாமல் இணங்க வைத்தார். பிறகு பல படங்களில் அவர் கண்ணனாக வந்தார். இருந்தாலும் இந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் கண்ணனைத்தான் நான் மறக்க மாட்டேன்.

படத்தின் கடைசியில் வரும் சத்திய பீடமும் அந்தப் பெட்டியின் குலம்தான். அதன்மேல் ஏறி நிற்பவர் உண்மையைத் தவிர வேறு பேச முடியாது. சகுனி ஏறி நிற்கிறான். சதி முழுவதையும் தன் வாயாலேயே கொட்டுகிறான். தமிழில் சகுனி நம்பியார். கண்ணும் குரலும் அவருடைய ஆயுதங்கள். அந்தக் குரல் தன்னை மீறி உண்மை பேசும் நேரத்தில் அவர் முகத்தில் வரும் திகைப்பைக் கவனித்துப் பாருங்கள். போட்ட கணக்கெல்லாம் தன் வாய் வழியாகவே போகிறதே என்ற திகைப்பு. பெட்டி மனத்தைக் காட்டியது, பீடம் வாயைத் திறந்தது. நடுவில் கடோத்கசன் எழுப்பிய மாயக் கடைத்தெருவும், தாமாகச் சுருளும் பாயும், புரோகிதர்களைப் படுத்தும் பாடும் குழந்தைகளுக்கான கொண்டாட்டம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொண்டாட்டத்தின் இரண்டு முனையிலும் உண்மையைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

சாவித்திரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். படத்தின் முதல் பாதியில் அவர் வத்சலா. பிற்பாதியில் அவர் வத்சலாவின் உடம்புக்குள் இருக்கும் கடோத்கசன். அதாவது, ஒரு நடிகை ஒரு பெண்ணாக நடிக்கும் ஓர் அரக்கனாக நடிக்க வேண்டும். அரக்கன் ரங்கா ராவ். அவருடைய உடல்மொழி நமக்கு அதற்குள் பழகிவிட்டது: புருவம் ஏறும் விதம், தோளை விரிக்கும் விதம், தரை அதிர நடக்கும் நடை. சாவித்திரி அதை அப்படியே எடுத்துத் தன் உடம்புக்கு அளவாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்.

தோழிகள் இருக்கும்போது நாணம். கண் தாழ்ந்திருக்கும், விரல் முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அவர்கள் திரும்பியதும் நடை அகலமாகிறது, கை இடுப்பில் ஊன்றிக்கொள்கிறது, முகவாய் நிமிர்கிறது. மறுபடி யாரோ வருகிறார்கள், ஒரு நொடியில் எல்லாம் சுருங்கி மணப்பெண். இதற்குக் கேமராத் தந்திரம் தேவைப்படவில்லை. கேமராவுக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு ஆளாக இருக்கிறார், அவ்வளவுதான். இன்னும் கவனித்தால் இன்னொன்று தெரியும். அந்த அரக்கன் பெண்ணாக நடிப்பதை ரசிக்கிறான். நாணப்படுவது அவனுக்குப் புது விளையாட்டு. அந்த மகிழ்ச்சியையும் சாவித்திரி கண்ணில் வைத்திருக்கிறார். மணமேடையில் தங்கவேலுவின் லட்சுமணகுமாரன் இவள் கையைப் பிடித்துவிட்டு அலறும்போது நாம் சிரிப்பதற்குப் பாதிக் காரணம் தங்கவேலு. மீதிப் பாதி, ஒன்றும் அறியாதவள்போல நிற்கும் அந்த முகம். நடிப்புப் பயிற்சி பெறும் மாணவர்கள் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இந்தப் பிற்பாதியைப் பார்க்க வேண்டும். படத்தின் மிகப் பெரிய தந்திரக் காட்சி விருந்து இல்லை, சாவித்திரி.

தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ். தமிழில் ஜெமினி கணேசன். ராமராவும் ரங்கா ராவும் சாவித்திரியும் இரண்டிலும் உண்டு. அதே அரங்கம், அதே ஒளி, இரண்டு முறை நடிப்பு. தெலுங்கு வசனமும் பாடல்களும் பிங்களி நாகேந்திர ராவ்; தமிழில் தஞ்சை ராமையா தாஸ். விருந்துப் பாட்டைத் தமிழில் பாடியவர் திருச்சி லோகநாதன். தமிழ் வடிவத்தைக் கேட்டால் வேறு மொழியிலிருந்து வந்தது என்ற நினைப்பே வராது. அது நம் கல்யாணப் பந்தி, நம் சமையற்கட்டு.

தொழில்நுட்பம் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் இரண்டு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. 'பாதாள பைரவி'யையும் 'மிஸ்ஸியம்மா'வையும் எடுத்தவர், பின்னால் 'செம்மீன்' எடுத்தவர். 'ஆஹா இன்ப நிலாவினிலே' படகுப் பாட்டில் சில நொடிகள் மட்டுமே எண்ணூரில் வெளியே எடுத்தவை. மற்றதெல்லாம் ஸ்டுடியோவுக்குள். அந்த நிலவு விளக்குகளால் ஆனது. இன்னொன்று துவாரகை நகரம். கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் 50 அடிக்கு 60 அடி இடத்தில் சிறு சிறு வீடுகளாக முன்னூறு செய்து அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு அமைப்பு. திரையில் அந்த நகரம் நிற்பது சில கணம்தான். கே. வி. ரெட்டி ஒவ்வொரு காட்சிக்கும் ஸ்டாப் வாட்ச் வைத்து முன்கூட்டியே நேரம் பார்த்து வைப்பவர். அந்தச் சில கணத்துக்கு எவ்வளவு பிலிம் என்பது தெரிந்தும் முன்னூறு வீடு கட்ட விட்டிருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்த குழந்தைக்கு எதுவும் எண்ணத் தெரியாது. ஊர் இருக்கிறது என்று மட்டும் நம்பும். இதே நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947 முதல் 'அம்புலிமாமா' கொண்டுவந்தவர்கள். குழந்தைக்குத்தானே என்று குறைத்துக் கொடுக்கக் கூடாது என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

இப்போது என்னை மிகவும் பாதித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் கல்யாணத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பதின்மூன்றாம் நாள் போரில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போவான், வரமாட்டான். அன்றைக்கே, சாவதற்கு முன்னால், துரியோதனன் மகன் லட்சுமணனை அவன் கொல்வான். மணமேடையில் அலறி நம்மைச் சிரிக்க வைத்தானே, அவனைத்தான். பதினான்காம் நாள் இரவு கர்ணனின் சக்தி ஆயுதம் கடோத்கசனைச் சாய்க்கும். அந்தச் சாவில் கண்ணன் மகிழ்ந்தான் என்று வியாசர் எழுதுகிறார். அர்ச்சுனனுக்காக வைத்திருந்த ஆயுதம் தீர்ந்துபோனதே என்பதால்.

1957-இல் இதைப் பார்த்த தமிழ்நாட்டுக் கிராமத்து மக்களுக்கு இந்தச் செய்திகளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அபிமன்யு விழும் இரவில் கூத்துக் களத்தில் பெண்கள் அழுவார்கள். அவ்வளவும் தெரிந்தவர்கள் கொட்டகையில் வந்து உட்கார்ந்து, அந்தப் பையனுக்குக் கல்யாணம் நடப்பதைக் கண்குளிரப் பார்த்தார்கள். காட்டில் அடையாளம் தெரியாமல் கடோத்கசன் அபிமன்யுவைத் தாக்கி வீழ்த்தி, சுபத்திரை யாரென்று தெரிந்ததும் அவள் காலில் விழுகிறானே, அந்த இடத்தை இந்த அறிவோடு பாருங்கள். ஓர் அண்ணனும் தம்பியும் முதல் முறையாகச் சேர்கிறார்கள். ஒருவன் காட்டில் வளர்ந்தவன், ஒருவன் அரண்மனையில். அடுத்தடுத்து இரண்டு நாளில் போய்விடப் போகிறவர்கள். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவர்களுக்கு ஒரு விருந்தும் ஒரு கல்யாணமும் வயிறு வலிக்கச் சிரிப்பும் கொடுத்து அனுப்பிவைக்கிறது. வியாசர் கொடுக்காததை மக்கள் கொடுத்தார்கள். மாயா பஜார் என்ற அந்த மாய ஊரை எழுப்பியது கடோத்கசன் மட்டும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தெலுங்கு வடிவத்தை 2010-இல் ஹைதராபாத்தில் டிஜிட்டல் முறையில் சீரமைத்து வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். ஒலியும் படமும் துலங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. வண்ணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்ட்லி கறுப்பையும் வெள்ளையையும் வைத்து நிலவு செய்தவர். அந்த நிலவுக்கு நீலம் பூசினால் அது வேறொருவருடைய நிலவு ஆகிவிடும். தமிழ் வடிவத்துக்கும் அதே அக்கறையோடு ஒரு சீரமைப்பு நடக்க வேண்டும், கறுப்பு வெள்ளையிலேயே நடக்க வேண்டும். இந்தக் கல்லூரியின் காட்சித் தகவலியல் துறை அடுத்த ஆண்டு இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்த நாளில் திரையிடட்டும். முதல் வரிசைகளை அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். போர்க்கதையை அவர்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். லட்டு பறக்கும்போது அவர்கள் போடும் சத்தத்தைக் கேட்க நானும் பின்வரிசையில் வந்து உட்காருவேன்.